பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த அளவு டயர்?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, 33 இன்ச் டயர் நான்கு வாங்கியதுதான். வண்டிக்கு அப்போது வயது இருபதுக்கு மேல். பிரேக் பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடிக்கும். முன் ஹப் ஒன்றில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டயரை மாட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் லீஃப் ஸ்பிரிங்கில் உரசியது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மட்கார்டு விளிம்பில் இடித்தது. கழற்றி ஷெட்டில் அடுக்கினேன், ஒரு வருடத்துக்கும் மேல் அங்கேயே கிடந்தன.

இந்த மாதிரி வண்டியை வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற நினைப்பவர்கள் லிஃப்டா (வண்டியை உயர்த்துவது), லாக்கரா (ஒரு ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டுவது), வின்ச்சா (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) என்றுதான் முதலில் ஒப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: டயரை எந்த அளவில் நிறுத்துவது? மற்றச் செலவும் உழைப்பும் உடைசலும் பெரும்பாலும் அந்த அளவைப் பொறுத்தே வருகின்றன. நான் இங்கே பேசுவது தனி சேசிஸும், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸிலும் உள்ள வண்டிகளைப் பற்றி. பழைய லேண்ட் ரோவர், லேண்ட் க்ரூசர், ஜீப், சின்ன சுஸுகி எல்லாம் இந்த வகை. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளுக்குக் கணக்கே வேறு.

முதலில் கணக்கு

என் வண்டிக்குக் கம்பெனி போட்டது 235/75 ஆர் 15. அதன் உயரம் சுமார் 734 மில்லிமீட்டர். 31 இன்ச் என்றால் 787, 33 இன்ச் என்றால் 838. பார்க்க மிரட்டலாக இருந்தாலும், ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளி இந்த வித்தியாசத்தில் பாதிதான். 31 இன்ச்சில் 27 மில்லிமீட்டர் கூடும், 33 இன்ச்சில் 52. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸிலும், அதன் நடுவில் தொங்கும், இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் குண்டும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். டயர் பெரிதாக்குவதற்கு உள்ள ஒரே நல்ல காரணமும் அதுதான்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும். 33 இன்ச்சில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 91-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 31 இன்ச்சில் 86. அதே அளவுக்கு இழுவையும் போகிறது. ஆக்ஸிலில் 4.10 பல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றுவது) இருந்தால், 33 இன்ச்சில் அது 3.59 மாதிரி நடந்துகொள்ளும், 31 இன்ச்சில் 3.82 மாதிரி. பழைய டீசல் என்ஜினுக்கு அந்த முதல் எண் வலிக்கும். மேட்டில் ஐந்தாவது கியரை மறந்துவிடலாம், கிளட்ச் சீக்கிரம் கருகும். இன்னொன்று எடை. 33 இன்ச் மட் டெரைன் (சேற்றுக்கான) டயர் ஒன்று பழைய அளவைவிடக் கிட்டத்தட்டப் பத்து கிலோ கூட இருக்கும். அந்த எடை சக்கரத்தின் ஓரத்தில் சுற்றுகிறது. பிரேக், வீல் பேரிங், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங், ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராட் எண்ட் என்று ஒவ்வொன்றும் அதைச் சுமக்கிறது. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டி என்றால் கீலும் சேர்ந்து.

பழைய அளவிலேயே நிறுத்துவது

இதை யாரும் மாற்றம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வீட்டில் வேலை செய்பவருக்கு இதுதான் நிறைய கற்றுக்கொடுக்கும் வழி, வண்டியில் தெரியும் வித்தியாசமும் இதில்தான் அதிகம். பழைய அளவிலேயே நல்ல ஆல் டெரைன் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர், மீதிப் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் வண்டியைப் புதுப்பிக்க. அவ்வளவுதான் திட்டம்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி), இரண்டு டிஃபரன்ஷியல், எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். மாற்றுவதைவிடப் பார்ப்பது முக்கியம். பிளக்கில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகம் அளவு இரும்புச் சில்லு இருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. எண்ணெய் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எனக்கு முன் டிஃபரன்ஷியலில் இந்த மூன்றாவது கிடைத்தது. இறக்கும் முன் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது கழலாமல் கீழ்ப் பிளக்கை மட்டும் திறந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர எண்ணெய் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் உள்ள சேர்க்கைகளில் சில, பழைய பாக்ஸ்களின் கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களைத் தின்றுவிடும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்துகொண்டால், செலவே இல்லாத ஒரு நல்ல மாற்றத்தை உடனே செய்யலாம். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் அது ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயை ஆக்ஸிலிலிருந்து என்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினால் போதும். அரை நாள் வேலை. லிஃப்ட், லாக்கர் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

அடுத்தது முன் ஹப். பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் உருளைகளைப் பாருங்கள். நீலம் பூத்ததும் குழி விழுந்ததும் மாற்ற வேண்டியவை. மற்றதில் கிரீஸைக் கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை நிரப்புங்கள். உருண்டை வடிவ ஸ்டியரிங் நக்கிள் உள்ள வண்டி என்றால் அதன் துடைப்பு சீலையும் கிங்பின் பேரிங் இறுக்கத்தையும் அதே சமயத்தில் பார்த்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதறும் நோய் இந்த வண்டிகளுக்கு உண்டு. பலர் புதிய ஸ்டியரிங் டாம்பர் போட்டு அதை அமுக்குகிறார்கள். டாம்பர் உதறலை மறைக்குமே தவிரக் குணப்படுத்தாது. காரணம் பெரும்பாலும் தளர்ந்த கிங்பின் பேரிங், டை ராட் எண்ட், செத்துப்போன புஷ், சமன் இல்லாத டயர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரேக்கைச் சொல்லவே வேண்டாம். வெளியே நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்புறம் சேசிஸ். சின்னச் சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துரு தின்றது மட்டையடித்தது போல ஒலிக்கும். ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளின் பின்பக்கம்தான் மண் தங்கும் இடம், துருவும் அங்கேதான். அங்கே ஓட்டை இருந்தால் டயர்ப் பேச்சையே நிறுத்திவிட்டு வெல்டரைத் தேடுங்கள்.

ஸ்பிரிங்கும் இந்த வழிக்குள்தான் வரும். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்கம் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கம்பெனி அளவிலேயே புதிய லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் போட்டதும் இழந்த உயரம் திரும்ப வந்தது. லிஃப்ட் வேண்டும் என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவை இந்த மூன்று சென்டிமீட்டர்தான்.

இந்த வழியின் குறை என்ன? ஆழமான சக்கரத் தடத்தில் டிஃபரன்ஷியல் தட்டும். பெரிய கற்களில் சக்கரம் போகும் வழியைப் பார்த்து ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். டயர் காற்றை இறக்கத் தெரிந்தால் இதிலேயே ரொம்ப தூரம் போகலாம். மண் பாதையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ., தளர்ந்த மணலில் 15 முதல் 18. டயர் அகலமாவதைவிட நீளமாகத் தரையில் படியும், பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. சாலைக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும்.

31 இன்ச்

பழைய அளவுக்கு ஒரு படி மேல். பல வண்டிகளில் இதற்குக் கியர் விகிதத்தை மாற்ற வேண்டியதில்லை, பிரேக்கும் சமாளிக்கும். உரசாமல் இருக்க 40 முதல் 50 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அந்த இடத்தை எங்கே எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. பாடி லிஃப்ட், ஸ்பிரிங் லிஃப்ட், நீள ஷேக்கில் என்று மூன்று வழிகள்.

பாடி லிஃப்ட்டில் சேசிஸுக்கும் கூட்டுக்கும் நடுவில் கட்டைகள் வைக்கிறோம். ஸ்பிரிங், ஆக்ஸில், புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் எதுவும் மாறாது. டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் வயிறு அதே உயரத்தில்தான் இருக்கும். கேட்க எளிது. கையை வைத்ததும் ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஃபேன் கூண்டு, கியர் லீவர், எரிபொருள் நிரப்பும் குழாய், எர்த் ஒயர் என்று ஒவ்வொன்றாக எட்டாமல் போகும். இருபது வருடம் துருவேறிய பாடி போல்ட்டு எப்படிக் கழலும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எட்டில் மூன்று என் கையில் முறிந்தன.

ஸ்பிரிங் லிஃப்ட்டில் வயிறும் உயரும், மேட்டில் ஏறி இறங்கும்போது பம்பர் இடிக்காமல் இருக்க வேண்டிய முன்பின் கோணங்களும் நன்றாகும். பதிலுக்கு ஆக்ஸிலின் வடிவியல் கெடும். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட, அதன் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்தானே? கிங்பினுக்கும் அதே சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். காயில் ஸ்பிரிங்கும், முன் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிச் சேசிஸுக்கு நீளும் கைகளும் உள்ள வண்டியை உயர்த்தினால் ஆக்ஸில் சுழன்று இந்தச் சாய்வு குறையும், நெடுஞ்சாலையில் வண்டி அலையும். திருத்தும் புஷ் போட வேண்டும். ஆக்ஸிலைச் சேசிஸோடு பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பி உள்ள வண்டியில் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். லீஃப் வண்டியில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு, ஆனால் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலைச் சேரும் இடத்தின் கோணம் (பினியன் கோணம்) மாறி, ஷாஃப்ட்டின் மடங்கு இணைப்பான கிராஸ் அதிர ஆரம்பிக்கும். ஸ்டீல் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

ஷேக்கில் என்பது பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு, அதை நீளமாக்குவதுதான் மலிவானது. பட்டையின் ஒரு முனையை மட்டும் உயர்த்துவதால், ஷேக்கில் இரண்டு இன்ச் நீண்டால் வண்டி ஒரு இன்ச்தான் உயரும். ஷேக்கில் முன்முனையில் இருக்கும் வண்டிகளில் காஸ்டரும் குறையும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது இன்னொரு குறுக்குவழி. முன் ஆக்ஸிலில் அதை வைக்கவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவினால் ஸ்டியரிங்கும் கூடப் போகும்.

நான் தேர்ந்தெடுத்தது 40 மில்லிமீட்டர் உயரம் கூடிய புதிய பட்டைகள், அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர். வீட்டில் இரண்டு வார இறுதி வேலை. யு போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இறுக்கியதும் அவை நீண்டுவிடுகின்றன. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பட்டைகளை சி கிளாம்ப்பால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரிந்து அடிக்கும். முடிந்ததும் சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ், மூச்சுக்குழாய், ஷாஃப்ட்டின் சறுக்கு இணைப்பு மூன்றும் அந்த நிலையில் இழுபடாமல் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனாலும் எழுதிவைக்கிறேன். தரையில் உறுதியாக நிற்கும் ஸ்டாண்டு இரண்டு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

33 இன்ச்சும் அதற்கு மேலும்

இந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இது வீட்டு வேலையிலிருந்து பாதி வெளியே போய்விடுகிறது. இழுவையைத் திரும்பப் பெற 4.10 இருந்த இடத்தில் சுமார் 4.7 வேண்டும், அதுவும் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே விகிதத்தில். டிஃபரன்ஷியலின் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனைப் பொருத்துவது துல்லிய வேலை. பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பற்களுக்கு நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி, எல்லாம் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, பல்லில் சாயம் பூசிப் படியும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தவறினால் ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் போகும். இதை நான் பட்டறைக்குத்தான் கொடுப்பேன். அதன் பிறகு 75 மில்லிமீட்டருக்கு மேல் லிஃப்ட், மட்கார்டு வெட்டு, பெரிய பிரேக், சமயத்தில் தடித்த ஆக்ஸில் ஷாஃப்ட். ஒன்றைப் பலப்படுத்தினால் உடைவது அடுத்ததற்குப் போகும். பாறைகளில் ஏறுவதுதான் பொழுதுபோக்கு, தினமும் ஓட்ட வேறு வண்டி இருக்கிறது என்றால் இந்த வழி சரி. வாரத்தில் ஐந்து நாள் இதிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

பல நாடுகளில் டயர் அளவும் உயரமும் ஒரு வரம்பைத் தாண்டினால் ஒப்புதல் வாங்க வேண்டும், காப்பீட்டுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் விதியை ஸ்பிரிங் வாங்குமுன் படித்துவிடுங்கள்.

பெரிய டயரா, லாக்கரா?

ஒரே செலவில் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் லாக்கர் பக்கம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். ஒன்று அந்தரத்தில் தொங்கினால், அதைச் சும்மா சுற்ற எவ்வளவு கொஞ்சம் போதுமோ அதே கொஞ்சம்தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர், ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்க வண்டி அசையாது. 33 இன்ச் டயர் இதை மாற்றாது. பின் ஆக்ஸிலில் ஒரு லாக்கர் மாற்றிவிடும்.

அதிலும் தேர்வு உண்டு. தானாகப் பூட்டும் வகையில் சுவிட்ச், குழாய் எதுவும் இல்லை. சில மாடல்கள் உள்ளிருக்கும் பற்களை எடுத்துவிட்டு அங்கே வைப்பவை, கிரௌன் பினியனைத் தொடாமலே பொருத்தலாம், அதனால் வீட்டிலேயே முடியும். ஆனால் வளைவுகளில் டக்கென்று சத்தம் போடும், ஈரச் சாலையில் பின்பக்கம் தள்ளும். காற்றாலோ மின்சாரத்தாலோ பூட்டும் வகை, வேண்டும்போது மட்டும் பூட்டும், சாலையில் இருப்பதே தெரியாது, ஆனால் விலையும் பொருத்தும் சிரமமும் அதிகம். சக்கரம் சும்மா சுற்றுவதை ஓரளவு மட்டும் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை, தட்டுகள் தேயத் தேயச் சாதாரணமாகிவிடும். பழைய வண்டியில் அது ஏற்கெனவே இருந்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள், புதிதாக வாங்க மாட்டேன். எதுவும் இல்லாதவருக்கு ஒரு வித்தை: தாழ்ந்த கியரில் மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வரும், மறு சக்கரத்துக்கும் அதே அளவு விசை போகும்.

வின்ச் இந்தப் போட்டியில் சேராது. அதற்கும் கனமான பம்பருக்கும் சேர்த்து முன் ஆக்ஸிலுக்கு முன்னால் எண்பது, நூறு கிலோ ஏறும், புதிதாகப் போட்ட பட்டை அதிலேயே தாழும். தனியாகப் போகிறவர்கள் வாங்கட்டும். கூட இன்னொரு வண்டி வரும் என்றால் இழுக்கும் பட்டையும், சேசிஸில் போல்ட் செய்த உறுதியான கொக்கிகளும் போதும். டோ பால் குண்டில் மட்டும் மாட்டி இழுக்காதீர்கள், முறிந்தால் அது பீரங்கிக் குண்டுதான்.

அடியில் படுத்துப் பார்ப்பது

எதை வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு உதவியது ஒரு பழைய நோட்டும் வெள்ளை பெயின்ட்டும். பழைய அளவு டயரில் ஒரு வருடம் ஓட்டினேன். அடிப்பக்கம் முழுவதும் மெல்லிசாக வெள்ளை அடித்துவைத்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எங்கே கீறல் என்று எழுதினேன். டிஃபரன்ஷியல் குண்டில் கீறல் என்றால் டயர் பெரிதாக வேண்டும். சேசிஸ் நடுவிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடியிலும் என்றால் ஸ்பிரிங் லிஃப்ட். முன்பின் பம்பரில் என்றால் பம்பரின் வடிவத்தை மாற்றினாலே போதும். கீறலே இல்லாமல் சக்கரம் சுற்றி நின்றுபோன இடங்கள் தனிக் கணக்கு, அவை லாக்கருக்கோ காற்றை இறக்காத சோம்பேறித்தனத்துக்கோ போகும்.

என் நோட்டில் வருடக் கடைசியில் பதினேழு குறிப்புகள். ஆறு டிஃபரன்ஷியல் குண்டில், இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸில், நான்கு பின் பம்பரில். சக்கரம் சுற்றி நின்றது ஐந்து முறை, அதில் மூன்று முறை காற்றை இறக்கியதும் வெளியே வந்துவிட்டேன். இதற்கு 31 இன்ச்சும் 40 மில்லிமீட்டர் பட்டையும் போதும் என்று தெரிந்தது. பின் பம்பரின் இரண்டு ஓரத்தையும் வெட்டிச் சரித்தேன், லாக்கரை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். ஷெட்டில் கிடந்த 33 இன்ச் டயர்களை, தினமும் ஓட்ட இன்னொரு வண்டி வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்து, வாங்கிக்கொண்டு போனார்.